வயிற்றெரிச்சலும் வயிற்றுப்புண்ணும்

தமிழில் வயிறு என்பது உணவைச் செரிக்கும் உறுப்பு மட்டுமன்று. அடுத்தவர் வாழ்வு கண்டு பொறாதவனுக்கு வயிறு எரிகிறது. அச்சம் வந்தால் வயிற்றில் புளி கரைகிறது. எதிர்பாராத நற்செய்தி வயிற்றில் பால் வார்க்கிறது. ஒருவன் பிழைப்பைக் கெடுப்பது அவன் வயிற்றில் அடிப்பதாகிறது. பிள்ளையைப் பறிகொடுத்தவள் பெற்ற வயிறு பற்றி எரிகிறதென்று கதறுகிறாள். மனம் குடியிருக்குமிடம் நெஞ்சு என்று புலவர்கள் பாடிவைத்திருந்தாலும், நம் வீடுகளில் புழங்கும் தமிழில் அது பாதிநேரம் வயிற்றில்தான் குடியிருக்கிறது.

இதனை மொழியின் செல்வம் என்றே வகுப்பறையில் நாம் சொல்லித் தருகிறோம். அதில் ஐயமில்லை. ஆனால் ஒருவருக்கு உண்மையாகவே இரைப்பையிலோ முன்சிறுகுடலிலோ புண் உண்டாகும்போது இந்தச் செல்வம் என்ன செய்கிறது என்று பார்க்க வேண்டியிருக்கிறது. 'எனக்கு அல்சர்' என்று எவரேனும் சொன்னால் நம்மிடமிருந்து மூன்று அறிவுரைகள் உடனே வருகின்றன. கவலைப்படாதீர்கள், வேளைக்குச் சாப்பிடுங்கள், காரத்தைக் குறையுங்கள். முதலாவது அவர் மனத்தைக் குற்றம் சொல்கிறது, இரண்டாவது நடத்தையை, மூன்றாவது நாக்கை. மூன்றும் அன்பினால் சொல்லப்படுபவையே. எனினும் மூன்றும் சேர்ந்து, நோயை நோயாளியே தேடிக்கொண்டார் என்ற தீர்ப்பை வழங்கிவிடுகின்றன. புண்ணிலிருந்து இரத்தம் கசியும்போது இந்தத் தீர்ப்பு உயிருக்கே உலை வைக்கிறது என்பதுதான் இக்கட்டுரையில் நாம் சொல்ல விரும்புவது.

வயிற்று நோய்க்கு ஒரு பொருள் கற்பிப்பது நமக்குப் புதிதன்று. மணிமேகலையில் காயசண்டிகைக்கு யானைத்தீ என்னும் அடங்காப் பசிநோய் வருகிறது. முனிவர் ஒருவருக்குரிய நாவற்கனியைக் காலால் சிதைத்ததற்கான சாபம் அது. பன்னிரண்டு ஆண்டு நீடிக்கிறது. பெரியபுராணத்தில் தருமசேனராக இருந்த திருநாவுக்கரசரைச் சூலை பற்றுகிறது. சமணர்களின் மந்திரமும் மயிற்பீலியும் பலிக்கவில்லை. தமக்கை திலகவதியாரிடம் திரும்பி, திருநீறு பெற்று, திருவதிகையில் இறைவனைப் பாடியதும் வலி நீங்குகிறது. சேக்கிழாரின் பார்வையில் அந்தச் சூலை தடம் மாறிய அடியவரை ஆட்கொள்ள வந்த அழைப்பு. ஒரு கதையில் சாபம், இன்னொன்றில் அருள். இரண்டிலும் வயிற்றின் துன்பம் வயிற்றோடு நிற்கவில்லை. அது உயிரின் கதையாகிறது. காப்பியம் அவ்வாறு செய்வதில் பிழையேதுமில்லை. காப்பியத்தின் வேலையே அதுதான்.

இதே மரபில் வேறொரு குரலும் இருந்திருக்கிறது. திருக்குறளின் தொண்ணூற்றைந்தாம் அதிகாரமாகிய 'மருந்து' சாபத்தையும் பேசவில்லை, அருளையும் பேசவில்லை. முன்பு உண்டது செரித்ததா என்று பார்த்து அளவறிந்து உண்ணச் சொல்கிறது. பிறகு, நோய் இன்னதென்று ஆராய்ந்து, அதன் முதற்காரணத்தை ஆராய்ந்து, தணிக்கும் வழியை ஆராய்ந்து அதன்பின் செயல்படுமாறு மருத்துவனுக்குச் சொல்கிறது. காரணத்தைத் தேடு, கற்பிக்காதே என்பதே அதன் சாரம். சித்த மருத்துவமும் வயிற்று நோய்களைக் குன்மம் என்று பெயரிட்டு எட்டாக வகுத்து, ஒவ்வொன்றின் குறிகளையும் தனித்தனியே சொன்னது. அந்த வகைப்பாட்டை இன்று ஏற்பதும் ஏற்காததும் ஒருபுறம் இருக்கட்டும். குறிகளை உற்றுக் கவனிக்கும் பழக்கம் அதில் இருந்தது. நாம் கைவிட்டது அந்தப் பழக்கத்தை. கைவிடாமல் வைத்துக்கொண்டது கதையை.

இந்தக் கோளாறு தமிழருக்கு மட்டும் உரியது என்று எண்ணிவிட வேண்டாம். இருபதாம் நூற்றாண்டின் மேலை மருத்துவமே இதில் நெடுங்காலம் அகப்பட்டுக் கிடந்தது. அமிலமில்லையேல் புண்ணில்லை என்று 1910இல் ஒரு சூத்திரம் வகுக்கப்பட்டது. அமிலத்தை அடக்க மணிக்கொருமுறை பாலும் பாலேடும் புகட்டும் சிப்பி உணவுமுறை 1915இல் வந்தது. பால் சிறிது நேரம் இதமளித்துவிட்டு, பிறகு அமிலச் சுரப்பைக் கூட்டும் என்பது பின்னாளில் தெரிந்தது. அமிலம் ஏன் புண்ணாக்குகிறது என்ற கேள்விக்கு உளப்பகுப்பாய்வு ஒரு விடையுடன் வந்தது. சிகாகோவில் பணியாற்றிய பிரான்ஸ் அலெக்சாண்டர், மனத்திலிருந்து பிறக்கும் உடல்நோய்கள் என ஏழைப் பட்டியலிட்டபோது அவற்றுள் வயிற்றுப்புண்ணுக்கும் இடமளித்தார். அன்னையால் ஊட்டப்பட வேண்டும் என்ற குழந்தை ஏக்கம் பெரியவனுக்குள் அமுக்கி வைக்கப்படும்போது, உணவை எதிர்பார்த்து இரைப்பை ஓயாமல் சுரக்கிறது என்பது அவர் விளக்கம். ஒரு சிறுகதைக்கு இதைவிட நல்ல கரு கிடைக்காது. ஆனால் மருத்துவமனையில் படுத்துக் கிடந்தவர்களுக்கு அது எவ்வளவு உதவியது என்பது வேறு.

இலக்கிய வாசகர்கள் இவ்விடத்தில் நினைத்துப் பார்க்க வேண்டிய பெயர் ஜேம்ஸ் ஜாய்ஸ். 1922இல் வெளிவந்த 'யுலிஸிஸ்' நாவலில் அத்தியாயங்களுக்கு உடலின் உறுப்புகளை வரிசையாக ஒதுக்கித் திட்டம் வகுத்தவர் அவர். சிறுநீரகம், நுரையீரல், உணவுக்குழல் என்று அந்தத் திட்டம் செல்கிறது. அதன் நாயகன் புளூம் விலங்குகளின் உள்ளுறுப்புகளை விரும்பி உண்கிறான். காலையில் கொல்லைப்புறக் கழிப்பறைக்குப் போகிறான்; அங்கே அவன் அமர்ந்திருப்பதையும் ஜாய்ஸ் மறைக்காமல் எழுதினார். இத்தகைய பக்கங்கள் பலரை அருவருக்கச் செய்தன. ஆபாசம் என்ற குற்றச்சாட்டில் அமெரிக்காவில் தடைசெய்யப்பட்டிருந்த அந்நூலை ஒரு நீதிமன்றம் 1933இல்தான் விடுவித்தது. மனித உடலின் அன்றாடத்தை நவீன நாவலுக்குள் கூச்சமின்றிக் கொண்டுவந்தவர்களில் அவர் முதல்வரிசையில் நிற்பவர்.

அவருடைய சொந்த வயிற்றுக்கு என்ன நேர்ந்தது? 1930களில் அவருக்கு அடிக்கடி வயிற்றுவலி வந்தது. நரம்புக் கோளாறு என்று பாரிஸ் மருத்துவர்கள் சொன்னார்கள். அவ்வாறு சொல்ல அவர்களுக்குக் காரணங்கள் இல்லாமலில்லை. மகள் லூசியா மனநோயால் துன்புற்றாள். அவர் கண்பார்வை பல அறுவைகளுக்குப் பின்னும் மங்கிக்கொண்டிருந்தது. போர் தொடங்கியிருந்தது. இவ்வளவு கவலை உள்ள மனிதனுக்கு வயிறு வலிக்காமல் என்ன செய்யும் என்று எவரும் கேட்டிருப்பார்கள். 1940 டிசம்பரில் குடும்பம் பிரான்சிலிருந்து சுவிட்சர்லாந்தின் சூரிக் நகரை அடைந்தது. 1941 ஜனவரி 10 அன்று தாங்கவொண்ணாத வலி. மறுநாள் எடுத்த எக்ஸ்ரேயில் முன்சிறுகுடற்புண் துளைத்துக்கொண்டிருப்பது தெரிந்தது. அறுவை செய்தார்கள். ஜனவரி 13 விடியுமுன்பே இறந்தார். வயது ஐம்பத்தெட்டு. வயிற்றறை முழுதும் அழற்சி பரவியிருந்தது. மறுமாதம்தான் ஆக்ஸ்போர்டில் பெனிசிலின் முதன்முதலாக ஒரு நோயாளிக்குச் செலுத்திச் சோதிக்கப்பட்டது.

ஜாய்ஸின் புண்ணுக்கு எது காரணம் என்று இனி எவராலும் சொல்ல இயலாது. ஆனால் அவர் கவலைகள் அத்தனை பெரியவையாக இருந்ததாலேயே அவர் வயிற்றைப் பார்க்க வேண்டிய தேவை மற்றவர்களுக்கு இல்லாமல் போயிற்று என்று சொல்ல இடமிருக்கிறது. உடலை உடலாக எழுதியவரின் உடலை மற்றவர்கள் மனமாக வாசித்தார்கள்.

புண்ணுக்கு வேறு காரணம் இருக்கலாம் என்று ஐயுற்றவர்களை மருத்துவ உலகம் எளிதில் வரவேற்கவில்லை. கிரேக்க நாட்டில் மிசொலோங்கி என்றொரு சிற்றூர். கவிஞர் பைரன் 1824இல் இறந்த ஊர். அங்கே ஜான் லிகூடிஸ் என்ற மருத்துவர் 1958 முதல் வயிற்றுப்புண்காரர்களுக்கு நுண்ணுயிர்க்கொல்லி மருந்து கொடுத்துவந்தார். நோயாளிகள் திரளாக வந்தனர். அதிகாரம் அவரை ஏற்கவில்லை. 1968இல் அபராதம் விதித்தது. அவர் 1980இல் இறந்தார். அதற்கு முந்தைய ஆண்டுதான் ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரில் நோயியல் மருத்துவர் ராபின் வாரன், அழற்சியுற்ற இரைப்பைத் திசுக்களில் வளைந்த நுண்ணுயிர்களைக் காணத் தொடங்கியிருந்தார். அமிலத்தில் எதுவும் வாழாது என்பது அன்றைய பாடம். இளம் மருத்துவர் பேரி மார்ஷல் அவருடன் சேர்ந்தார். வளர்ப்புத் தட்டுகளை வழக்கமாக இரண்டு நாளில் பார்த்துவிட்டு எறிந்துவிடுவார்கள், எதுவும் வளர்ந்ததில்லை. 1982ஆம் ஆண்டு ஈஸ்டர் விடுமுறையில் கூடுதலாகச் சில நாள் விடப்பட்ட தட்டில்தான் அந்த உயிரி வளர்ந்தது. எவரும் நம்பாத நிலையில், 1984இல் மார்ஷல் அதனை வளர்த்த குழம்பைத் தாமே குடித்தார். சில நாளில் குமட்டலும் வாந்தியும் வந்தன. அவர் இரைப்பையில் அழற்சி உண்டானது சோதனையில் தெரிந்தது. ஹெலிகோபேக்டர் பைலோரி என்று இன்று அழைக்கப்படும் உயிரி அது. தன்னைச் சுற்றி அம்மோனியாவை உண்டாக்கி அமிலத்தைத் தணித்துக்கொண்டு அது வாழ்கிறது. இருவருக்கும் 2005இல் நோபல் பரிசு கிடைத்தது.

எனவே கவலைக்கும் வயிற்றுக்கும் தொடர்பே இல்லை என்று முடித்துவிடலாமா? அதுவும் மிகைதான். மனிதகுலத்தில் ஏறத்தாழப் பாதிப்பேர் வயிற்றில் இந்த நுண்ணுயிர் குடியிருக்கிறது. அவர்களில் பெரும்பாலோருக்குப் புண் வருவதில்லை. ஜப்பானில் 1995இல் கோபே நகரைச் சூறையாடிய நிலநடுக்கத்திற்குப் பின் புண்ணில் இரத்தம் கசிந்து வந்தவர்கள், குறிப்பாக முதியவர்கள், கூடினார்கள் என்று மருத்துவர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். புகைப்பதும் புண் ஆறுவதைத் தடுக்கிறது. காரம் புண்ணை உண்டாக்குவதாகச் சான்றில்லை. இருக்கும் புண்ணை எரியச் செய்யலாம். மனம் இக்கதையில் ஒரு பாத்திரம் என்பதை நாம் மறுக்கவில்லை. கதாநாயகன் அதுவன்று என்றே சொல்கிறோம்.

இன்னொன்றும் கவனிக்கத்தக்கது. இந்த நுண்ணுயிர் பெரும்பாலும் குழந்தைப் பருவத்தில், வீட்டாரிடமிருந்தே தொற்றுகிறது. ஒரே அறையில் பலர் நெருங்கி வாழும் வீடுகள், தூய நீரும் சுகாதார வசதியும் இல்லாத குடியிருப்புகள் அதற்கு ஏதுவானவை. அப்படியானால் வயிற்றுப்புண் என்பது தனிமனிதனின் கவலை பற்றிய கதை என்பதைவிட, ஊரின் நீர் பற்றிய கதை, வீட்டின் பரப்பளவு பற்றிய கதை. கவலைப்படாதே என்று சொல்வது எளிது. குடிநீர்க் குழாய் போட்டுக்கொடுப்பதற்குச் செலவாகும்.

நுண்ணுயிருக்கு அடுத்த பெருங்காரணம் வலி மாத்திரைகள். ஆஸ்பிரின், இபுபுரூஃபென், டைக்ளோஃபெனாக் முதலியவை வலியை உண்டாக்கும் புரோஸ்டகிளாண்டின் என்ற பொருளின் உற்பத்தியைத் தடுக்கின்றன. அதே பொருள்தான் இரைப்பையின் உட்சுவரை அமிலத்திலிருந்து காத்துவருகிறது. மூட்டுவலி தணிய விழுங்கும் மாத்திரை வயிற்றின் காவலை நீக்கிவிடுகிறது. நம் தெருவில் மருந்துக்கடைக்குப் போய், 'முழங்கால் வலிக்கு ஏதாவது கொடுங்கள்' என்று கேட்டு வாங்கி மாதக்கணக்கில் விழுங்கும் முதியவர்கள் எத்தனை பேர்! எரிச்சல் வந்தால் அதே கடையில் ஒரு 'கேஸ் மாத்திரை'. எரிச்சல் அடங்கும், காரணம் அடங்காது. சிலருக்கு எரிச்சலே வருவதில்லை. முதியவர்களிடம், வலி மாத்திரை உண்பவர்களிடம், புண் சத்தமின்றிப் பெருகி நேரே இரத்தப்போக்காக வெளிப்படுவதுண்டு.

நம் துறையிலேயே இது நடந்தது. சங்க இலக்கியத்தை முப்பது ஆண்டு கற்பித்த மூத்த பேராசிரியர் ஒருவர்; ஓய்வுபெற ஓராண்டே இருந்தது. இதயத்திற்கென மருத்துவர் எழுதித்தந்த ஆஸ்பிரினோடு, முழங்கால் வலிக்குத் தாமே வாங்கிய மாத்திரையையும் ஐந்து மாதமாகச் சேர்த்து உண்டுவந்தார். மூன்று நாளாக மலம் கரியதாய், தார்போல் ஒட்டும்படி போயிற்று. உடம்புச் சூடு என்று எண்ணி மோரும் இளநீரும் குடித்தார். மனைவியிடம் சொல்லவில்லை. நம்மிடம், வயிறு சற்றுச் சரியில்லை, விடைத்தாள் திருத்தும் டென்ஷன் என்றார். நான்காம் நாள் மாடிப்படியில் கண் இருண்டு விழுந்தார். மருத்துவமனையில் பார்த்தபோது ஹீமோகுளோபின் ஆறுக்கும் கீழே. வயிற்றுவலி கொஞ்சமும் இல்லை. இளம் மருத்துவர் ஒருத்தி, "ஐயா, மலம் என்ன நிறத்தில் போகிறது?" என்று கேட்டார். சுற்றி நின்ற எங்களைப் பார்த்துவிட்டு, "வெளிக்குப் போவதெல்லாம் ஒழுங்காகத்தானம்மா இருக்கிறது" என்றார் பேராசிரியர். எங்களை வெளியே அனுப்பிவிட்டு அந்தப் பெண் மறுபடி கேட்ட பிறகே உண்மை வந்தது. இரத்தம் ஏற்றினார்கள், உள்நோக்குக் குழாயைச் செலுத்தி, கசிந்துகொண்டிருந்த நாளத்தைக் கவ்வியிட்டு அடைத்தார்கள். பிழைத்துக்கொண்டார். இன்னும் ஓரிரவு போயிருந்தால் இக்கட்டுரை இரங்கல் கட்டுரையாகியிருக்கும்.

அவர் தயங்கியதை அறியாமை என்று சொல்ல மாட்டோம். அது பயிற்சி. நன்னூல் தகுதி வழக்கில் முதலாவதாக இடக்கரடக்கலைச் சொல்கிறது. அவையில் சொல்லத் தகாததை வேறு சொல்லால் மறைத்துச் சொல்வது அது. அதற்கு வழிவழியாக நாம் காட்டும் எடுத்துக்காட்டு எது? மலங்கழித்து வந்ததைக் 'கால் கழுவி வந்தேன்' என்பதுதான். ஆண்டுதோறும் கரும்பலகையில் இதை எழுதுகிறோம், மாணவர்கள் சிரிக்கிறார்கள், தேர்வில் இரண்டு மதிப்பெண். நாகரிகத்திற்கு இலக்கணமாகவே மலத்தைப் பற்றிப் பேசாமையைக் கற்பித்திருக்கிறோம். அவைக்கு அது பொருந்தும். மருத்துவர் முன்னும் வீட்டிலும் அது எதற்கு?

ஆக, நம் மொழியின் இரண்டு பழக்கங்கள் இங்கே கைகோத்துக்கொள்கின்றன. உருவகம் வயிற்றின் மேல் மனத்தை ஏற்றி வைக்கிறது. இடக்கரடக்கல் வயிறு காட்டும் உண்மையான குறியை வாய்க்கு வராமல் செய்கிறது. 'வயிற்றெரிச்சல்' என்று சொல்ல நமக்கு நூறு வழி இருக்கிறது. 'மலம் கறுப்பாகப் போகிறது' என்று சொல்ல நா எழுவதில்லை. சூசன் சொன்டாக் 1978இல் வெளியிட்ட 'நோய் என்னும் உருவகம்' நூலில் காசநோயையும் புற்றுநோயையும் எடுத்துக்கொண்டு, உருவகங்கள் நோயாளியைத் தண்டிக்கின்றன என்று வாதிட்டார். வயிற்றுப்புண்ணுக்கு அவ்வளவு கவர்ச்சியான உருவகம் வாய்க்கவில்லை. அதனாலேயே எவரும் அதனைக் கேள்வி கேட்கவும் இல்லை.

நண்பர்கள் இதற்கு மறுப்புச் சொல்லக்கூடும். உருவகங்களை ஒழித்துவிட்டால் இலக்கியம் எங்கே போகும் என்று கேட்கலாம். ஒழிக்கச் சொல்லவில்லை. வயிறு எரிந்து சாபமிடும் தாய் நம் கதைகளில் இருக்கட்டும். இடக்கரடக்கலும் நன்னூலில் இருக்கட்டும். ஆனால் அந்தப் பாடத்தை நடத்தும் அதே வகுப்பில், எந்த இடத்தில் மறைக்கக் கூடாது என்பதையும் சேர்த்துச் சொல்லலாமல்லவா? எங்கே எதைப் பேசலாகாது என்று கற்பிக்கும் தமிழாசிரியருக்கு, எங்கே பேசியே ஆகவேண்டும் என்று சொல்லும் கடமையும் உண்டு என்று கருதுகிறோம். கடந்த இரு ஆண்டுகளாக நாம் அப்படித்தான் அந்தப் பகுதியை நடத்துகிறோம். மாணவர்கள் முதலில் சிரிக்கிறார்கள். பிறகு ஒருவர் இருவர், வகுப்பு முடிந்தபின் தயங்கி வந்து, ஊரில் இருக்கும் பாட்டியைப் பற்றிக் கேட்கிறார்கள்.

அவர்களிடம் நாம் சொல்வதையே இங்கும் சொல்லிவிடுகிறோம். மலம் கரியதாய், பிசுபிசுத்து, வழக்கத்திற்கு மாறான கெட்ட நாற்றத்துடன் போனால் அது உடம்புச் சூடன்று. மேற்குடலிலோ இரைப்பையிலோ இரத்தம் கசிவதாக இருக்கலாம். இரும்புச்சத்து மாத்திரையாலும் மலம் கறுக்கும். எது காரணம் என்பதை மருத்துவர் முடிவு செய்யட்டும். வாந்தியில் இரத்தமோ காப்பித்தூள் போன்ற பொடியோ வந்தால், எழுந்து நிற்கையில் தலைசுற்றி மயக்கம் வந்தால், அன்றே, அந்த இரவே மருத்துவமனைக்குப் போக வேண்டும். மறுநாள் காலை வரை பார்க்கலாம் என்பது இதில் இல்லை. இதயத்திற்காக ஆஸ்பிரின் உண்பவர்கள் இதைப் படித்துவிட்டுத் தாமாக நிறுத்திவிடவும் கூடாது. மருத்துவரைக் கேட்க வேண்டும். நுண்ணுயிர் இருப்பது தெரிந்தால் அதனை ஒழிக்கும் மருந்துகளை, பெரும்பாலும் இரண்டு வாரம், இடையில் விடாமல் உண்ண வேண்டும். ஒழிந்ததா என்று பிறகு சோதித்துக்கொள்ளவும் வேண்டும்.

வீட்டில் மூட்டுவலிக்காரர் ஒருவர் இருந்தால், இன்று மாலை அவரிடம் இரண்டு கேள்விகள் கேளுங்கள். என்ன மாத்திரை உண்கிறீர்கள்? மலம் என்ன நிறத்தில் போகிறது? இரண்டாவது கேள்விக்கு அவர் முகம் சுளிக்கலாம். என்ன பேச்சு இது என்று அதட்டவும் செய்யலாம். பரவாயில்லை, இன்னொரு முறை கேளுங்கள்.